ஐந்தாவது வரி

பார்வை இல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் பத்தொன்பது வருஷமாக வேன் ஓட்டுகிறேன். வெளியே யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே உச்சுக்கொட்டுவார்கள். "ஐயோ பாவம், அந்தப் பிள்ளைங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் நூற்று நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து தட்டைத் தட்டுவார்கள். ஒரு நாள் வந்து அந்தக் கூடத்தில் நின்று பார்க்கட்டும். அதற்கப்புறம் யார் பாவம் என்று பேசலாம்.

எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் எங்கே போனாலும் ரயிலாகத்தான் போவார்கள். முன்னால் நிற்கிற பிள்ளையின் தோளில் பின்னால் நிற்கிற பிள்ளையின் கை இருக்கும். படுக்கைக் கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு, அங்கிருந்து வகுப்புக்கு, சாயங்காலம் ஊஞ்சலுக்கு என்று பத்துப் பன்னிரண்டு பேர் வளைந்து வளைந்து போவார்கள். முதலில் நிற்கிற பிள்ளை எஞ்சின். கொஞ்சமாவது பார்வை மிச்சம் உள்ள பிள்ளைதான் எஞ்சினாக முடியும். 'கூ' என்று கத்தும் உரிமை எஞ்சினுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பதவிக்கு அங்கே இருந்த மரியாதை எங்கள் தலைமை ஆசிரியருக்குக்கூட இருந்ததில்லை.

நான் சொல்லப்போகிற பெண் மூன்று வருஷம் எஞ்சினாக இருந்தவள். ஆறு வயதில் வந்து சேர்ந்தாள், இப்போது ஒன்பது. பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் செய்து, ஒரு கண் போய், ஒரு கண்ணில் கொஞ்சம் மிஞ்சியது. பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி. அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அவளும் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். வாய் மட்டும் நாலு ஊருக்குப் பேசும். என்னை 'டீசல் மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தவள் அவள்தான். இன்றைக்கு வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அவள் அம்மா எங்கள் பள்ளியிலேயே சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நூற்று நாற்பது படுக்கை விரிப்பு, அதற்கு இரண்டு பங்கு சீருடை. விடியும் முன்னே வந்து கொதிக்கும் தொட்டியில் கட்டையை விட்டுக் கிளறுவாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். அப்பா கடைப் பலகைகளில் பெயர் எழுதுகிற பெயின்டர். இரண்டு பேரும் நாள் முழுக்க வேலையில் இருப்பதால் பெண் விடுதியில் தங்கிவிட்டு, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போவாள். வீடு பள்ளிக்குப் பின்னால் மூன்றாவது தெருதான்.

பெயின்டர் நல்ல மனுஷன். ஆனால் ஒரு நினைப்பு மண்டைக்குள் ஏறிவிட்டால் இறங்காது. முதல் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது பள்ளிப் பரிசோதனை அறையில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்தார். மேலே பெரிதாக ஒரே ஒரு எழுத்து, கீழே போகப் போகச் சின்னதாக எட்டு வரி. வந்த கூட்டத்தை மறந்துவிட்டு ஸ்கேலை எடுத்து அட்டையை அளக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முன்சுவரின் உள்பக்கம் அதே எட்டு வரி, நூல் பிடித்து, கறுப்பு எனாமலில் இரண்டு கோட்டிங் ஏறி நின்றது.

"எதுக்குய்யா இது?" என்று கேட்டேன்.

"டிரைவரண்ணே, எழுத எழுதக் கையெழுத்து திருந்துதா இல்லையா? நடக்க நடக்கக் காலு உரமாகுதா இல்லையா? கண்ணு மட்டும் என்ன? அதுக்கும் வேலை குடுக்கணும். குடுத்தா தன்னால ஏறும்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"அவங்களுக்கு எங்கண்ணே நேரம் இருக்கு இதெல்லாம் சொல்ல."

அந்த வீடு ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். பரிசோதனைக்கு நல்ல தூரம் வேண்டும். வீட்டுக்குள் ஏது அவ்வளவு தூரம்? பிள்ளையைச் சமையலறையையும் தாண்டிப் பின்வாசல் படியில் நிறுத்துவார். குதிகால் வைக்க மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார். நடுவில் அடுப்பு எரியும். மறைக்கக் கூடாது என்று அம்மா கரண்டியோடு சுவர் ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன்.

"டிரைவரண்ணே, கண்ணால பாத்துட்டுப் போங்க. பாப்பா, முதல் வரி!"

"ட."

"ரெண்டாவது?"

"ப, ம."

"மூணு?"

"க, ர, ல. இதெல்லாம் பழசுப்பா."

"அப்ப நாலாவது போ பாப்போம்."

அவள் கண்ணாடியை மேலே தள்ளினாள். கழுத்தை நீட்டினாள். "ச... வ... இரு இரு... ய. அப்புறம் த."

பெயின்டர் ஒரு கத்துக் கத்தினார். அடுப்பைத் தாண்டி ஓடிப்போய் அவளைத் தூக்கிச் சுற்றினார். கண்ணாடி தெறித்து விழுந்தது. "மூணுலேர்ந்து நாலு! எம்பொண்ணு நாலாவது வரி வாசிச்சுட்டா!" என்று தெருவில் இறங்கிச் சொல்லப் போய்விட்டார். அம்மா சிரித்தாள், கூடவே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கை தட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே தட்டினேன்.

பள்ளியில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் முகாம் நடக்கும். ஒரு டாக்டர், இரண்டு உதவியாளர், அரை நாள். கொஞ்சம் பார்வை உள்ள முப்பது பிள்ளைகளை அட்டை முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். போன வருஷத்தை விட வரி குறைந்திருந்தால் பெயரைத் தனியாக எழுதி, மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வேனில் அனுப்புவார்கள். குறையாதவர்களை யாரும் கிட்ட வைத்துக்கூடப் பார்ப்பதில்லை. நேரம் ஏது? நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து முகாம் நடந்தது. பதிவு நோட்டில் அவள் பெயருக்கு நேரே எங்கள் பள்ளி நர்ஸம்மா 'நாலு வரி, முன்னேற்றம்' என்று எழுதினார்.

மறுநாள் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அவள் ஓடி வந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பன்னிரண்டு சீட்டுல்ல? ஒண்ணு காலியா இருக்கும்ல? நானும் வரவா?"

"உனக்கு எதுக்குடி? உன் கண்ணுதான் ஜோரா ஓடுதே. போ, போய்ப் படி."

அவள் கொஞ்ச நேரம் கதவை விடவில்லை. நான் ஹார்ன் அடித்தேன். விட்டுவிட்டாள். ஊர் சுற்ற ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன், முட்டாள்.

போன மாதம் பள்ளியில் குழாய் மாற்றுகிற வேலை நடந்தது. நடைபாதை ஓரமாகவே பள்ளம் தோண்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் நாள் பெய்த மழையில் ஓரம் சரிந்து, பள்ளம் பாதைக்கு வந்துவிட்டது. வேலையாட்கள் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் வேன் கழுவிக்கொண்டிருந்தேன். 'கூ' என்று சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேர் ரயில், முன்னால் அவள். துணி காற்றில் படபடவென்று அடிக்கிறது. நிற்பாள், வளைப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேகம் குறையவே இல்லை. கயிற்றையும் இழுத்துக்கொண்டு அவள் விழுந்தாள், அவள் மேல் நாலு பேர் விழுந்தார்கள்.

முழங்கால் ஆழம்தான். ஆனாலும் இரண்டாவதாக நின்ற சின்னப் பையனுக்குக் கை முறிந்துவிட்டது. வார்டனம்மா ஓடி வந்தார்கள்.

"ஏண்டி, கண்ணைத் திறந்துக்கிட்டே குழியில விழுவியா? உன்னை நம்பித்தானே இத்தனை பிள்ளைங்களை விட்டேன்? யாருகிட்ட வாயடிச்சுக்கிட்டு வந்த?"

"தப்புதாம்மா. பேசிக்கிட்டே வந்துட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

வார்டனம்மா அழுகிற பையனைத் தூக்க அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இவள் உடம்பெல்லாம் சேறாக, கண்ணாடியில் மண் வழிய, வராந்தாத் தூணைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். "இனிமே பேச மாட்டேம்மா. நாளையிலேர்ந்து பாத்து ஓட்டுறேம்மா. எஞ்சினை மட்டும் மாத்தாதீங்கம்மா." அங்கே யாருமே இல்லை.

பையனுக்கு மாவுக்கட்டு போட்டுக் கொண்டுவந்து விட்டபோது மத்தியானம் ஆகிவிட்டது. நேரே சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியில் ஆள் தெரியவில்லை. தங்கச்சி விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"கோவிச்சுக்கிற மாதிரி இருந்தா கோவிச்சுக்கத்தான் செய்வேன். சொல்லுங்க."

"பாப்பாவுக்குக் கண்ணு தெரியுதான்னு சந்தேகமா இருக்கு."

பிழிந்த விரிப்பைப் பலகை மேல் அடித்தாள். "என்ன பேச்சுண்ணே பேசுறீங்க? ஒரு தடவை தடுக்கி விழுந்ததுக்கா? போன மாசம் நீங்க கேட்டுல வேனை இடிச்சீங்களே, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

"அது பிரேக்கு பிடிக்கலை..."

"அவளுக்கும் பிரேக்கு பிடிக்கலைன்னு வெச்சுக்குங்க. மூணு வாரம் முன்னாடி அஞ்சாவது வரி வாசிச்சா. அஞ்சாவது! அவங்கப்பா அன்னிக்குச் சோறே திங்கலை, அவ்வளவு சந்தோஷம். நீங்க என்னடான்னா..."

"தூணுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நின்னா தங்கச்சி. வார்டனம்மா போனதுகூடத் தெரியலை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க. உங்க சந்தேகத்தை இப்பவே தீத்துடுறேன்" என்று வெளியே வந்தாள்.

மத்தியான மணி அடித்து, பிள்ளை வராந்தாவில் தனியாக வந்துகொண்டிருந்தாள். ரயிலை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மா வாயைத் திறக்காமல் எதிரே போய் நின்றாள்.

"அம்மா! என்னம்மா, சோப்பு மாத்திட்டாங்களா? வேற வாசனை அடிக்குது."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள், மூக்கை அறுத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. சரி, நானும் முயற்சி செய்வோம் என்று, அங்கே கவிழ்த்து வைத்திருந்த நீல வாளியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, பூனை நடை நடந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"டீசல் மாமா, ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா, எங்க நின்னாலும் கண்டுபிடிப்பா" என்று தங்கச்சி சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. நானும் அப்போதுதான் உணர்ந்தேன். ஐம்பத்தாறு வயது ஆள் தலையில் வாளியோடு நிற்கிறேன், அந்த வாயாடி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"வா, அட்டை வாசிக்கலாம்" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பரிசோதனை அறைக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் மாறிக் கிடந்தது. வெள்ளை அடிக்கிறார்கள். மேஜையை நகர்த்தி, அட்டையைக் கழற்றி அலமாரி மேல் போட்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஈர வெள்ளையும் ஒரு ஆணியும்தான் இருந்தன. நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி என் கையை அழுத்தினாள். நகம் பதிந்துவிட்டது.

"பெயின்ட் வாசனை! அப்பா மாதிரியே இருக்கு" என்றாள் பிள்ளை.

"பக்கத்து ரூம்ல அடிக்கிறாங்க. நீ வாசி."

அவள் குதிகாலால் தடவி, தரையில் இருந்த கோட்டைக் கண்டுபிடித்து நின்றாள். கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"ட."

வெறும் சுவர்.

"ப, ம. க, ர, ல." நிறுத்தி மூச்சு விட்டாள். "ச, வ... ய, த. இப்ப அஞ்சாவது வரி. இது கொஞ்சம் கஷ்டம்மா. ந. ட. க. ப..." கண்ணைச் சுருக்கினாள், கழுத்தை நீட்டி முன்னால் சாய்ந்தாள். "கடைசி மட்டும் மங்கலா இருக்கு. ர தானேம்மா?"

அந்தத் தாய் நின்ற நிலையை நான் என்னவென்று சொல்வேன். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, குரலைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்.

"ர தான். கரெக்டு."

"அப்ப வார்டனம்மாகிட்டச் சொல்லு, எனக்குத் தெரியுதுன்னு. எஞ்சினைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"சொல்றேன். நீ கிளாஸுக்குப் போ."

பிள்ளை சுவரைத் தொட்டுக்கொண்டு குதித்துக் குதித்துப் போனாள். தங்கச்சி அப்படியே வெள்ளை சிந்தின தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினாள்.

"வாராவாரம் அந்தச் சுவத்தைத் தொடைக்கிறேண்ணே. எழுத்து மேல மட்டும் அழுக்கா இருக்கும். சுத்தியும் சுத்தமா இருக்கும். இது என்ன கூத்துன்னு திட்டிக்கிட்டே தொடைப்பேன். விரலு வெச்சுத் தடவித் தடவிப் படிச்சிருக்கா. எனாமலு தடிச்சு நிக்குமே, கையில படுமே. எனக்கு உறைக்கலையே. பெத்தவ நான், எனக்கு உறைக்கலையே."

"சரி, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரி போயிடுவோம். நான் நர்ஸம்மாகிட்டச் சொல்லி வேனை எடுக்கிறேன். பெயின்டர்கிட்ட நீ சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லித்தானே ஆகணும்?"

"அவரு அளவெடுத்து, நூலு பிடிச்சு, ராவும் பகலும் உக்காந்து எழுதினதுண்ணே. அதை எப்படி என் வாயால சொல்வேன்? கண்ணாடி மாத்தணும்னு கூட்டிக்கிட்டு வரேன். மிச்சத்தை டாக்டர் சொல்லட்டும்."

மறுநாள் காலை தூறல் விட்டு வெயில் அடித்தது. பெயின்டர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நகத்தில் இருக்கிற பெயின்டைக்கூட மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருந்தார். பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

"புதுக் கண்ணாடி போட்டா ஆறாவது வரி வந்துடும் இல்லண்ணே?"

நான் கியரை மாற்றினேன்.

"பாப்பா, சீக்கிரம் பாரு, அந்த மருந்துக்கடை போர்டு! அப்பா எழுதினது. தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"என்ன கலரு சொல்லு?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பிள்ளை சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பிடிச்ச கலரு" என்றாள்.

"ஊதா! பாத்தியா, ஓடுற வண்டியிலேர்ந்து சொல்றா!" என்று பெண்டாட்டியின் தோளைத் தட்டினார். அவள் மறுபக்க ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஆஸ்பத்திரி வரும் வரை திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு அறை, இன்னொரு அறை, ஒரு மெஷின், இன்னொரு மெஷின். மத்தியானம் தாண்டிக் கடைசியில் ஒரு டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். வயது அதிகம் இல்லை. பிள்ளையை வெளியே அனுப்பலாமா என்று கேட்டார்கள். "நான் இருக்கேன்" என்று பிள்ளையே சொல்லிவிட்டாள்.

"கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்கு. குழந்தையிலேயே புரை எடுத்தவங்களுக்குப் பின்னாடி இப்படி வரலாம். வலிக்காது. சத்தமில்லாம நரம்பைத் தின்னுடும். இப்ப வெளிச்சம், இருட்டு அவ்வளவுதான் தெரியுது. போன நரம்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது."

பெயின்டர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "இல்லம்மா, வேற யாரோட சீட்டோ மாறி வந்திருக்கும். எம்பொண்ணுக்கு ஏறிக்கிட்டு வருதும்மா. வந்து சேர்ந்தப்ப ரெண்டு வரி. போன வருஷம் நாலு. இப்ப அஞ்சு. நீங்க அட்டையைக் காட்டுங்க, உங்க முன்னாடியே வாசிப்பா."

"போன வருஷமே கூட்டிக்கிட்டு வந்திருந்தா இருந்ததைக் காப்பாத்தியிருக்கலாங்க. ஏன் யாருமே அனுப்பலை?"

போன வருஷம் என் வேனில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதை நான் யாரிடம் சொல்ல?

"எதுக்கு அனுப்பணும்? நல்லா வாசிக்கிறவளை எதுக்கும்மா அனுப்பணும்?" பெயின்டரின் குரல் ஏறிக்கொண்டே போனது. "பாப்பா, சொல்லும்மா. அஞ்சு வரி வாசிச்சியா இல்லையா? டாக்டரம்மாகிட்டச் சொல்லு."

"அப்பா."

"சொல்லுடா."

"நான் வாசிக்கலைப்பா. அது எனக்கு மனப்பாடம்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெயின்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். படி இறங்கி, வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்து, வேன் ஏறுகிற படியில் உட்கார்ந்தார். நாங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார். தரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மூணாவது வரி வரைக்கும் நிஜமாவே பாத்தேன்பா. நாலாவதுக்குக் கிட்டப் போய்த் தொட்டுப் பாத்தேன். அப்புறம் மேல இருக்கிற பெரிய எழுத்தும் போயிடுச்சு."

"ஏன்மா அப்பாகிட்டச் சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குத்தான் நீங்க என்னைத் தூக்கிச் சுத்தினீங்க. அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எட்டு வரியும் தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒரே நாள்ல சொல்லிட்டா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு ஒண்ணொண்ணா வெச்சிருந்தேன். ஆறாவதை உங்க பிறந்த நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்பா."

அதைக் கேட்டதும் அந்த மனுஷன் இரண்டு கையாலும் தன் முகத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். "என் கையாலதானே எழுதினேன்... நானே என் கையால..." தங்கச்சி ஒரு கையைப் பிடித்தாள், நான் ஒரு கையைப் பிடித்தேன். வண்டி எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிள்ளை சத்தம் வந்த பக்கம் கையை நீட்டித் தேடி, அப்பாவின் தலையைக் கண்டுபிடித்துத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்கப்பா. எனக்கு ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. பழகிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னிக்குப் புதுசு. கொஞ்ச நாள் போனா உங்களுக்கும் பழகிடும்."

ஒன்பது வயதுப் பிள்ளை அப்பனுக்குச் சமாதானம் சொல்கிறாள். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் எப்படியோ அவரைப் பிடித்து வைத்திருந்தோம். அதற்கப்புறம் எங்களால் முடியவில்லை.